மாடித் தோட்டம்: தொடங்குவோருக்கான வழிகாட்டி

மாடித் தோட்டம் என்பது வீட்டின் மொட்டைமாடி, பால்கனி, முற்றம் போன்ற இடங்களில் பைகளிலும் தொட்டிகளிலும் காய்கறி, கீரை, மூலிகை ஆகியவற்றை வளர்க்கும் முறையாகும். நிலம் இல்லாத நகர மக்களும் தங்கள் தேவையில் ஒரு பகுதியைத் தாங்களே விளைவித்துக்கொள்ள இது உதவுகிறது. தமிழ்நாட்டில் தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை, வளர்ப்புப் பை, தென்னைநார்க் கட்டி, விதைப் பொட்டலம், உயிர் உரம், வேப்ப எண்ணெய் ஆகியவை அடங்கிய தொகுப்பை மானிய விலையில் வழங்கியுள்ளது. இத்தொகுப்பு 'மாடித்தோட்டத் தளைகள்' என அழைக்கப்படுகிறது.

ஆர்வத்தோடு தொடங்குவோரில் பலர் முதல் சில மாதங்களிலேயே கைவிட்டுவிடுவதும் உண்டு. செடி வாடியது, பூ உதிர்ந்தது, பூச்சி வந்தது எனக் காரணங்கள் பல சொல்லப்படும். அவற்றுள் பெரும்பாலானவை எடை, வெயில், மண் கலவை, நீர் ஆகிய நான்கில் ஏற்படும் தவறுகளிலிருந்தே தொடங்குகின்றன. விதை வாங்குவதற்கு முன் இந்த நான்கையும் சரிசெய்துகொண்டால் மற்றவற்றைப் பழக்கத்தில் கற்றுக்கொள்ளலாம்.

நிலத்துச் செடியும் தொட்டிச் செடியும்

நிலத்தில் வளரும் செடி நீர் குறைந்தால் வேரை ஆழமாக விட்டு நீரைத் தேடிக்கொள்ளும். நீர் மிகுந்தால் அது கீழ்மண்ணுக்குள் இறங்கிவிடும். சத்துக் குறைந்தாலும் சுற்றியுள்ள மண்ணிலிருந்து ஓரளவு எடுத்துக்கொள்ளும். பையில் உள்ள செடிக்கு இந்த வசதி எதுவும் இல்லை. சுமார் 18 லிட்டர் கலவையே அதன் முழு உலகம். அதற்குள் இருக்கும் நீர், காற்று, சத்து மூன்றையும் வளர்ப்பவர்தான் கொடுக்க வேண்டும். நிலத்தில் தானே சரியாகிவிடும் சிறு பிழைகூடப் பையில் இரண்டு நாளில் செடியைப் பாதிக்கும். நிலத்தில் விவசாயம் செய்து பழகியவர்களும் மாடியில் முதலில் தடுமாறுவது இதனால்தான்.

இடமும் எடையும்

மொட்டைமாடி எவ்வளவு எடையைத் தாங்கும் என்பதை முதலில் கவனிக்க வேண்டும். ஐ.எஸ். 875 (பகுதி 2) என்னும் இந்தியத் தர விதி, ஆட்கள் ஏறிச் செல்லும் தட்டையான கூரைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ எடையைக் கணக்கில் கொள்கிறது. முறையாக வடிவமைத்துக் கட்டிய கட்டடங்களுக்கே இது பொருந்தும். பழைய ஓட்டு வீடு, மெட்ராஸ் தளம், விரிசல் விட்ட கான்கிரீட் தளம் ஆகியவற்றை நம்பி எடையேற்றக் கூடாது. ஐயம் இருந்தால் கட்டடப் பொறியாளரிடம் காட்டிக் கேட்பதே பாதுகாப்பு.

ஓர் அடி விட்டமும் ஓர் அடி உயரமும் உள்ள வட்டப் பையில் மேலே சிறிது இடம்விட்டு நிரப்பினால் சுமார் 18 லிட்டர் கொள்ளும். வெறும் மண்ணை நிரப்பி நீர் ஊற்றினால் அதன் எடை 30 கிலோவைத் தாண்டும். தென்னைநார்க் கழிவு சேர்த்த கலவையானால் நனைந்த நிலையில் ஏறத்தாழ 20 கிலோ இருக்கும். இத்தகைய பைகளை இடைவெளியின்றி நெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் 9 பைகள் அடங்கும். அவற்றின் எடை 180 கிலோ, அதாவது மேற்சொன்ன அளவைவிட அதிகம். அதே இடத்தில் 4 பைகளை மட்டும் வைத்தால் 80 கிலோதான் ஆகும். எனவே பைகளுக்கு இடையே நடைவழி விடுவது பராமரிப்புக்கு மட்டுமல்ல, கட்டடத்துக்கும் தேவை. பெரிய தொட்டிகளைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்தரமோ உள்ள ஓரப் பகுதியில் வைப்பது நல்லது.

பைகளை நேரடியாகத் தரையில் வைக்கக் கூடாது. செங்கல் அல்லது இரும்புத் தாங்கியின் மேல் வைத்தால் வடியும் நீர் தேங்காமல் ஓடிவிடும், தளமும் காயும். எப்போதும் ஈரமாக இருக்கும் தளத்தில் நீர் கசிந்து உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு இல்லாத தளத்தில் அதை முடித்த பிறகே தோட்டத்தைத் தொடங்க வேண்டும். பைகளை அடுக்கிய பின் அந்த வேலையைச் செய்வது கடினம்.

வெயில்

தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொடிக் காய்கள் ஆகிய காய்க்கும் பயிர்களுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் தேவை. கீரை, புதினா, கொத்தமல்லி ஆகியவை 3 முதல் 4 மணி நேர வெயிலிலும் வளரும். ஒரு விடுமுறை நாளில் காலை 8, நண்பகல் 12, மாலை 4 மணிக்கு மாடியில் எங்கெங்கு நிழல் விழுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டால் எந்தப் பயிரை எங்கே வைப்பது என்பது தெளிவாகிவிடும். இருபுறமும் அடுக்குமாடிக் கட்டடங்கள் சூழ்ந்த பால்கனியில் தக்காளிக்கு முயல்வதைவிடக் கீரையும் புதினாவும் போடுவது பலன் தரும்.

சித்திரை, வைகாசி மாதங்களில் நிலைமை தலைகீழ். கான்கிரீட் தளத்தின் சூடு வேரையும் பாதிக்கும். அப்போது 50 விழுக்காடு நிழல் தரும் பச்சை வலையைக் கட்டுவதும், பைகளை நெருக்கமாக்காமல் ஒன்றன் நிழல் மற்றொன்றின் மேல் விழுமாறு வரிசைப்படுத்துவதும் உதவும்.

பைகளும் தொட்டிகளும்

குரோபேக் எனக் கடைகளில் கிடைக்கும் வளர்ப்புப் பைதான் வேண்டும் என்பதில்லை. பழைய பெயிண்ட் வாளி, தண்ணீர்க் கேன், அரிசிச் சாக்கு, மண்தொட்டி எதுவும் ஆகும். இரண்டு விதிகள் மட்டும் முக்கியம். அடியில் வடிகால் துளைகள் இருக்க வேண்டும். ஆழம் பயிருக்குப் பொருந்த வேண்டும்.

- கீரை, வெந்தயம், கொத்தமல்லி: 15 முதல் 20 செ.மீ. ஆழம் போதும். அகலமான தட்டு நல்லது.
- முள்ளங்கி: 25 முதல் 30 செ.மீ.
- தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை: 30 செ.மீ.
- பாகல், பீர்க்கு, புடலை, சுரை: 40 செ.மீ.க்குக் குறையாத ஆழமும் 30 லிட்டருக்குக் குறையாத கொள்ளளவும்.

மண் கலவை

வெறும் மண்ணைப் பையில் நிரப்புவது தொடங்குவோர் செய்யும் முதல் தவறு. நீர் ஊற்ற ஊற்ற அது இறுகிக் கட்டியாகி, வேருக்குக் காற்று கிடைக்காமல் செய்யும். பரவலாகப் பயன்படும் கலவை, கொள்ளளவில் ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு தென்னைநார்க் கழிவு, ஒரு பங்கு மட்கிய எரு அல்லது மண்புழு உரம் ஆகும். இவற்றில் செம்மண் செடியை நிலைநிறுத்தும். தென்னைநார்க் கழிவு ஈரத்தைப் பிடித்துவைப்பதோடு எடையையும் குறைக்கும். எரு சத்தைத் தரும். பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூளைச் சேர்த்தால் வேரைத் தாக்கும் புழுக்கள் குறையும்.

கோகோபீட் என விற்கப்படும் தென்னைநார்க் கட்டியில் உப்பு இருக்கக்கூடும். நீரில் ஊறவைத்து, பிழிந்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, இவ்வாறு இரண்டு மூன்று முறை கழுவிய பிறகே பயன்படுத்த வேண்டும். 5 கிலோ கட்டி ஒன்று ஊறினால் சுமார் 60 முதல் 70 லிட்டர் வரை பெருகும். 6 பைகளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கில் 36 லிட்டர்தான் தேவை. எனவே ஒரு கட்டியில் பாதிக்குச் சற்று மேல் போதும்.

எரு நன்கு மட்கியதாக இருக்க வேண்டும். பச்சைச் சாணமோ பாதி மட்கிய சமையலறைக் கழிவோ பைக்குள் மட்கும்போது சூடாகி வேரைக் கருக்கும். மட்கிய எருவில் துர்நாற்றம் இராது, மழை பெய்த மண்ணின் வாசம்தான் வரும். கலவையை நிரப்பி, நீர் தெளித்து, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை விட்டுவைத்து அதன் பின் விதைப்பது நல்லது.

நீர் ஊற்றுதல்

மாடித் தோட்டத்தில் நீர் இல்லாமல் சாகும் செடிகளைவிட நீர் மிகுந்து சாகும் செடிகள் குறைவல்ல. வேர் அழுகிய செடியும் நீரின்றி வாடும் செடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே தலை தொங்கி நிற்கும். வாடிவிட்டது என்று எண்ணி மேலும் நீர் ஊற்றினால் அழுகிய செடி முற்றிலும் போய்விடும். தென்னைநார்க் கலவையில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேற்பரப்பு விரைவில் உலர்ந்து வெளிறித் தெரியும், உள்ளே ஈரம் நிறைந்திருக்கும்.

ஆகவே கண்ணை நம்பாமல் விரலை நம்ப வேண்டும். இரண்டு அங்குல ஆழத்துக்கு விரலை விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் அன்று நீர் வேண்டாம். உலர்ந்திருந்தால் அடித்துளையில் நீர் எட்டிப்பார்க்கும் வரை மெதுவாக ஊற்ற வேண்டும். காலை வேளை ஏற்றது. கடும் கோடையில் மாலையிலும் தேவைப்படும். கோடை நண்பகலில் இலை தொங்கி மாலையில் தானாக நிமிர்ந்தால் அது இயல்பானதே. காலையிலும் தொங்கியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

நீரின் தன்மையும் முக்கியம். உப்பான ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொடர்ந்து ஊற்றினால் கலவையின் மேல் வெண்படலம் படியும், இலை ஓரம் கருகும். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீரில் உப்பு செறிந்திருப்பதால் அதைச் செடிக்கு ஊற்றக் கூடாது. மழைநீரும் ஏ.சி.யிலிருந்து வடியும் நீரும் உப்பற்றவை.

பைக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் தெளிந்த நீர், டெங்கு பரப்பும் ஏடிசு கொசு முட்டையிட ஏற்ற இடம். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை போதும். எனவே தட்டுகளையும் வாளிகளையும் வாரம் ஒரு முறையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். தோட்டம் வைப்பவருக்கு இது அக்கம்பக்கத்தாரிடமும் உள்ள பொறுப்பு.

தொடங்க ஏற்ற பயிர்கள்

விரைவில் பலன் தரும் பயிர்களில் தொடங்கினால் ஊக்கம் குறையாது. ஏறத்தாழ எத்தனை நாளில் அறுவடைக்கு வரும் என்பது கீழே தரப்பட்டுள்ளது.

- வெந்தயக்கீரை: 20 முதல் 25 நாள். சமையலறை வெந்தயமே விதை.
- சிறுகீரை: 21 முதல் 25 நாள். வேரோடு பிடுங்க வேண்டும்.
- அரைக்கீரை: சுமார் ஒரு மாதம். அறுத்தால் மீண்டும் துளிர்க்கும்.
- கொத்தமல்லி: 35 முதல் 40 நாள். தனியாவை இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். கோடையில் சரியாக வளராது.
- முள்ளங்கி: 40 முதல் 45 நாள்.
- வெண்டை: 45 நாளில் முதல் காய். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும்.
- கொத்தவரை: சுமார் 60 நாள்.
- மிளகாய், கத்தரி: விதைத்து இரண்டரை மாதம் முதல் மூன்று மாதம். பிறகு பல மாதங்கள் காய்க்கும்.

புதினா, பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை ஆகியவற்றுக்கு விதை தேவையில்லை. சந்தையில் வாங்கும் கட்டிலிருந்து முற்றிய தண்டுகளை எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஈரக் கலவையில் ஊன்றினால் வேர்பிடிக்கும்.

பட்டம்

தமிழ்நாட்டில் விதைப்புக் காலத்தைப் பட்டம் என்பர். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் பழமொழி மாடிக்கும் பொருந்தும். கோடை தணிந்து மழை நெருங்கும் ஆடியில் வெண்டை, கத்தரி, மிளகாய், அவரை, கொடிக் காய்கள் ஆகியவற்றை விதைக்கலாம். தைப்பட்டத்தில் வெண்டை, கொத்தவரை, வெள்ளரி, பூசணி ஆகியவை நன்கு வரும். முள்ளங்கி, கொத்தமல்லி, தக்காளி ஆகியவற்றுக்கு மழைக்குப் பிந்திய குளிர்ந்த மாதங்கள் ஏற்றவை.

பட்டம் தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கொடி அவரை நல்ல எடுத்துக்காட்டு. பழைய கொடி அவரை வகைகள் பகல்பொழுது குறையும் காலத்தில்தான் பூக்கும். தை, மாசியில் விதைத்தால் கொடி பந்தல் முழுவதும் படர்ந்தாலும் பல மாதங்களுக்குப் பூ வராது. செடியிலோ எருவிலோ குறை இல்லை, காலம்தான் தவறு.

விதையும் நாற்றும்

வெண்டை, கொத்தவரை, முள்ளங்கி, கீரை, கொடி வகைகளை நேரடியாக விதைக்க வேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றைக் குழித்தட்டில் நாற்றாக வளர்த்து, தக்காளியை 25 நாளிலும் மற்றவற்றை 30 முதல் 40 நாளிலும் மாலை வேளையில் பிடுங்கி நட வேண்டும். விதையைப் போட வேண்டிய ஆழம் அதன் பருமனைப்போல் இரண்டு மடங்கு. கீரை விதையை மணலுடன் கலந்து தூவினால் சீராக விழும். எறும்பு விதையை இழுத்துச் செல்லாமல் இருக்க, பைக்குச் சற்றுத் தள்ளி அரிசி நொய்யைத் தூவித் திசைதிருப்புவது வழக்கம்.

ஓர் அடிப் பையில் ஒரு கத்தரி அல்லது ஒரு தக்காளி, இரண்டு வெண்டை என்பதே அளவு. முளைத்த எல்லாவற்றையும் காப்பாற்ற நினைத்து நெருக்கி வைத்தால் ஒன்றும் காய்க்காது.

நாட்டு விதையில் விளைந்த நல்ல காயை முற்றவிட்டு விதை எடுத்து அடுத்த பட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வீரிய ஒட்டு விதையில் அடுத்த தலைமுறை தாய்ச்செடியைப்போல் இராது. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 தக்காளி, பாலூரில் உருவான பி.எல்.ஆர். 1 கத்தரி, வேலூர்ப் பகுதியின் இலவம்பாடி முள்ளுக் கத்தரி போன்றவற்றிலிருந்து விதை எடுத்து வைக்கலாம்.

தொடர் உரம்

பையில் உள்ள சத்து ஒவ்வொரு முறை நீர் வடியும்போதும் சிறிது வெளியேறும். எனவே 15 நாளுக்கு ஒரு முறை செடிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் இட்டுக் கிளறிவிட வேண்டும். கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் பரவலாக்கிய பஞ்சகவ்யத்தை ஒரு லிட்டர் நீருக்கு 30 மி.லி. கலந்து தெளிக்கலாம். இலை மிகக் கரும்பச்சையாகச் செழித்துப் பூ வராமல் இருந்தால் தழைச்சத்து மிகுந்துவிட்டது என்று பொருள். அப்போது உரத்தைச் சில வாரங்கள் நிறுத்த வேண்டும்.

பூ உதிர்வதும் காய் பிடிப்பதும்

பாகல், பீர்க்கு, சுரை, பூசணி ஆகியவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு இருக்கும். முதலில் ஆண் பூக்களே வந்து உதிரும், அது நோயன்று. மாடியில் தேனீ வராவிட்டால் பெண் பூவும் பிஞ்சிலேயே மஞ்சளாகி விழும். அப்போது ஆண் பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவிவிட வேண்டும். பூசணி, பாகல், வெள்ளரி ஆகியவற்றுக்கு அதிகாலையும், மாலையில் பூக்கும் சுரை, பீர்க்கு ஆகியவற்றுக்கு அந்தி நேரமும் ஏற்றவை.

தக்காளியில் பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது பூ உதிர்வது இயல்பு. காயின் அடிப்பகுதி கருத்து அழுகினால், அது பெரும்பாலும் நீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மிகுத்தும் குறைத்தும் ஊற்றியதால் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து சேராமல் போனதன் விளைவு.

பூச்சியும் நோயும்

தினமும் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதே முதல் மருந்து. செடியில் எறும்பு வரிசை தென்பட்டால் அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது என்று கொள்ளலாம். அவை சுரக்கும் இனிப்பு நீருக்காகவே எறும்பு வருகிறது. தொடக்கத்தில் விசையாக நீரைப் பீய்ச்சினாலே பூச்சிகள் உதிர்ந்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்ப எண்ணெயைச் சில சொட்டு சோப்புக் கரைசலுடன் நன்கு கலந்து மாலையில் தெளிக்க வேண்டும். முதலில் ஓர் இலையில் தெளித்துப் பார்ப்பது நல்லது. வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேனும், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேனும் காரணமாக இருக்கும். வெண்டை இலையின் நரம்புகள் மஞ்சளாகி வலைபோல் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். அதற்கு மருந்து இல்லை. அச்செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்தினால்தான் மற்றவை பிழைக்கும். வெள்ளை ஈயைக் குறைக்க மஞ்சள் ஒட்டும் அட்டைகளைத் தொங்கவிடலாம்.

முதல் பருவத்துக்கு ஒரு திட்டம்

முதல் முறையே முப்பது பைகள் வாங்குவது வேண்டாம். ஆறு பைகள் போதும். ஆடித் தொடக்கத்தில் கலவையைத் தயாரித்து, பத்து நாள் கழித்து ஒன்றில் சிறுகீரை, ஒன்றில் வெந்தயம், மூன்றில் வெண்டை விதைத்து, ஒன்றில் மிளகாய் நாற்று நடலாம். ஆவணியில் முதல் கீரை கிடைக்கும், காலியான பையில் அரைக்கீரை விதைக்கலாம். புரட்டாசியில் வெண்டை தொடங்கும். மூன்று பைகளில் ஆறு செடிகள் இருந்தால்தான் ஒருவேளைப் பொரியலுக்குப் போதுமான காய் ஒரே நேரத்தில் சேரும். ஐப்பசி மழைக்கு முன் வடிகால் துளைகளைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மழை முடியும்போது மிளகாய் காய்த்துக்கொண்டிருக்கும்.

பயிர் முடிந்த பையின் கலவையைக் கொட்டி, வேர்களை நீக்கி, சில நாள் வெயிலில் உலர்த்தி, மூன்றில் ஒரு பங்கு புது எரு சேர்த்தால் மீண்டும் பயன்படுத்தலாம். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் ஒன்றுக்குப் பின் மற்றொன்றை அதே பையில் வைக்காமல் இடையில் கீரையோ கொத்தவரையோ போட வேண்டும்.

ஆறு பைகள் ஒரு குடும்பத்தின் காய்கறிச் செலவை நிறுத்திவிடா. ஆனால் வாரம் ஒருமுறை கீரையும், வீட்டுத் தேவைக்குப் பச்சை மிளகாயும், அவ்வப்போது வெண்டைக்காயும் கிடைக்கும். இவற்றுக்கு நாளும் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். இந்த ஆறையும் ஒரு பருவம் முழுவதும் உயிரோடு வைத்திருந்தவர், அடுத்த தைப்பட்டத்தில் பன்னிரண்டாகப் பெருக்கலாம்.